சம்பளச் சீட்டு இல்லாத பதினெட்டு மாதங்கள்

2022 ஆகஸ்டு முதல் 2024 ஜனவரி நடுப்பகுதி வரை, அமெரிக்காவில் பதிவு பெற்ற ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்துக்கு, இந்தியாவில் என் வீட்டிலிருந்தபடியே சுயேச்சை ஒப்பந்ததாரராக வேலை பார்த்தேன். அந்தப் பதினெட்டு மாதங்களில் கையை விட்டுப் போன பணத்தை அண்மையில் ஒரு நோட்டில் வரிசையாக எழுதிக் கூட்டிப் பார்த்தபோது 8,46,000 ரூபாய் வந்தது. அதில் பெரும்பகுதி அவர்கள் தராமல் விட்டது. மீதி, விவரம் தெரிந்த ஒருவர் என் எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தாலே போயிருக்காத பணம். எனக்குத் தெரிந்த வட்டத்தில் இப்படி வேலை பார்த்தவர் ஒருவரும் இல்லை. கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு நானும் பலவற்றைக் கேட்காமல் விட்டேன். இப்போது அப்படியொரு ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்காக, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

எட்டு ஆண்டுகள் ஓர் இந்திய நிறுவனத்தில் மென்பொருள் உருவாக்குநராக இருந்தேன். கடைசியில் ஆண்டுக்கு 19 லட்சம் வாங்கிக்கொண்டிருந்தேன். புதிய நிறுவனம் மாதம் 4,000 டாலர் தருவதாகச் சொன்னது. டாலர் அப்போது 80 ரூபாயை ஒட்டி இருந்தது. கைபேசியில் பெருக்கிப் பார்த்தேன்: மாதம் 3,20,000, ஆண்டுக்கு 38 லட்சத்துக்கும் மேல். அந்த எண் கண்ணுக்குள் நின்றுவிட்ட பிறகு வேறெதுவும் படிக்கத் தோன்றவில்லை. ஒப்பந்தம் பதினொரு பக்கம் இருந்தது. பணம் பற்றிய பக்கத்தை இருமுறை படித்தேன், மற்ற பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனேன், பத்து நிமிடத்தில் மின்கையொப்பம் இட்டேன். பழைய நிறுவனம் எனக்குத் தெரியாமலேயே செய்துவந்த வேலைகள் எத்தனை என்பது அன்று என் நினைவில் இல்லை. பிஎஃப்பில் அவர்கள் பங்கைப் போட்டார்கள், கிராஜுவிட்டிக்கு ஒதுக்கினார்கள், காய்ச்சலில் படுத்தாலும் சம்பளம் கொடுத்தார்கள், பெற்றோரையும் சேர்த்து மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தார்கள், மாதாமாதம் வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டினார்கள். ஒப்பந்ததாரராகக் கையெழுத்திட்ட நொடியில் அத்தனையும் என் வேலையாகிவிட்டது. இன்று யாராவது என்னிடம் விலை கேட்டால், பன்னிரண்டு மாதங்களைக் கொண்டு பெருக்குவதில்லை. விடுப்பு, உடல்நலக் குறைவு, வேலை கைவசம் இல்லாத நாட்கள் ஆகியவற்றைக் கழித்துப் பத்து மாதங்களைக் கொண்டுதான் பெருக்குகிறேன். அதிலிருந்து காப்பீடு, ஆடிட்டர், வங்கிக் கட்டணம், ஓய்வுக்கால சேமிப்பு ஆகியவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் பழைய சம்பளத்தோடு ஒப்பிடுகிறேன்.

சேர்ந்த வாரத்திலேயே டபிள்யூ-8பிஇஎன் என்று ஒரு படிவம் அனுப்பினார்கள். அமெரிக்க வருமான வரித்துறையின் பெயர் அதன் தலைப்பில் இருந்ததைக் கண்டதும் பயந்துவிட்டேன். இதில் கையெழுத்திட்டால் அங்கே 30 சதவீதம் பிடித்துவிடுவார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அதை நம்பி இரண்டு வாரம் அதைத் திறக்காமலே வைத்திருந்தேன். உண்மை நேர்மாறானது. நான் அமெரிக்கக் குடிமகளோ அங்கு வசிப்பவளோ அல்ல என்று பணம் தரும் நிறுவனத்துக்கு நான் தரும் சான்று அது. அந்த நாட்டு வரித்துறைக்கு நாம் எதையும் அனுப்ப வேண்டியதில்லை. நிறுவனம் தன் கோப்பில் வைத்துக்கொள்ளும். வேலை முழுவதும் இந்தியாவில் இருந்தபடி செய்யப்படும்போது அந்த வருமானம் அமெரிக்காவில் ஈட்டியதாகக் கருதப்படுவதில்லை, ஆகவே அந்த 30 சதவீதப் பிடித்தமும் வருவதில்லை. கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு மூன்றாவது ஆண்டின் இறுதி வரை அது செல்லும். என் பயத்தின் பலன், செப்டம்பர் இறுதியில் வந்திருக்க வேண்டிய முதல் பணம் அக்டோபர் நடுவில் வந்தது. அந்த இரண்டு வாரமும் வீட்டுக் கடன் தவணையை என் கணவரின் கணக்கிலிருந்து கட்டினோம்.

முதல் பணம் வந்த அன்று வங்கியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது: வெளிநாட்டு வரவு ஒன்று காத்திருக்கிறது, அதன் நோக்கக் குறியீட்டைத் தெரிவிக்கவும் என்று. இணைப்பில் நீண்ட பட்டியல் இருந்தது. நான் ஒரு கூட்டத்தின் நடுவில் இருந்தேன். பட்டியலைச் சரியாகப் படிக்காமல், எனக்குப் புரிந்த ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன். அடுத்தடுத்த மாதங்களில் வங்கி அதே குறியீட்டைத் தானாகவே போட்டுக்கொண்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் முதன்முறையாக ஓர் ஆடிட்டரிடம் போனபோது, அவர் வங்கி தந்த வரவுச் சான்றுகளைப் புரட்டிவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, உங்களுக்கு அமெரிக்காவில் யார் இருக்கிறார்கள்?" யாருமில்லை என்றேன். "அப்படியானால் குடும்பச் செலவுக்கு என்று மாதாமாதம் 4,000 டாலர் அனுப்புகிறவர் யார்?" நான் தேர்ந்தெடுத்தது பி1301. வெளிநாட்டில் வாழும் இந்தியர் தம் குடும்பப் பராமரிப்புக்கு அனுப்பும் பணத்துக்கான குறியீடு அது. மென்பொருள் ஆலோசனைக்கு உரியது பி0802. பத்து வரவுகளும் பிழையான பெயரில் பதிவாகியிருந்தன. சேவையை ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி பெற்றேன் என்பதற்கு எஃப்ஐஆர்சி எனப்படும் அந்தச் சான்றே முதன்மையான ஆதாரம். அதிலேயே குடும்பச் செலவு என்று இருந்தால் வேறு எதைக் காட்டுவது? திருத்துவதற்கு ஐந்து முறை கிளைக்கு நடந்தேன். ஒப்பந்த நகல், ஒவ்வொரு மாதத்துக்குமான இன்வாய்ஸ், பிழை என்னுடையதே என்று ஒரு கடிதம். கவுன்டரில் இருந்தவர் பொறுமையாகத்தான் நடந்துகொண்டார். நான்தான் ஒவ்வொரு முறையும் தலை குனிந்து நின்றேன். முதல் வரவு வருவதற்கு முன்பே கிளையில் நேரில் பேசி, என்ன வேலை, என்ன குறியீடு என்று எழுத்தில் பதிந்துகொண்டால் இந்த அலைச்சல் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு வரவுக்கும் சான்றை அந்த மாதமே வாங்கி வைப்பதும் அப்படித்தான். பின்னால் மொத்தமாகக் கேட்டால் இழுத்தடிக்கிறது.

அனுப்பிய தொகைக்கும் வந்த தொகைக்கும் உள்ள இடைவெளியையும் நான் நெடுநாள் கவனிக்கவில்லை. வெளிநாட்டு வங்கிகளுக்கு இடையிலான ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாகப் பணம் வரும்போது நடுவில் ஒரு வங்கி தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. 4,000 அனுப்பினால் 3,975 வந்தது. அதற்குப் பிறகு என் வங்கி டாலரை ரூபாயாக்கும்போது, சந்தையில் அன்றைக்கு நிலவிய மதிப்பைவிட ஏறத்தாழ 1 ரூபாய் 40 காசு குறைத்துப் போட்டது. முதலாவதால் மாதம் 2,000 ரூபாய், இரண்டாவதால் 5,500 ரூபாய். வங்கி அறிக்கையில் இரண்டாவது ஒரு கட்டணமாகவே தெரியாது என்பதுதான் அதன் சாமர்த்தியம். பன்னிரண்டு வரவுகளுக்கு 90,000 ரூபாய் இப்படிப் போனது. பிறகு, என் பெயரில் அமெரிக்கக் கணக்கு எண் ஒன்றைத் தந்து, உள்ளூர்ப் பரிமாற்றமாகப் பணத்தை வாங்கி, சந்தை மதிப்பிலேயே மாற்றி, தன் கட்டணத்தை வெளிப்படையாகச் சொல்லும் ஒரு சேவைக்கு மாறினேன். அப்படிப்பட்ட சேவை எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது வரவுச் சான்று தருகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டணத்தை யார் ஏற்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதலாம் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

இனி வரி. ஜூலை 2023இல் ஆடிட்டரிடம் போனதற்குக் காரணமே நான் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துப் பயந்ததுதான். முந்தைய நிதியாண்டில் நான்கு மாதம் பழைய சம்பளம், அதன் பிறகு ஏழு வரவுகளாக வெளிநாட்டிலிருந்து 22,40,000 ரூபாய். வெளிநாட்டு நிறுவனம் டிடிஎஸ் பிடிப்பதில்லை. எனவே, நம் பெயரில் பிடிக்கப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் பழைய நிறுவனம் பிடித்ததைத் தவிர வேறொன்றும் இல்லை. நான் முழுத் தொகையையும் 'பிற வருமானம்' என்ற தலைப்பில் போட்டேன். திரை, இன்னும் 5 லட்சத்துக்கும் மேல் கட்ட வேண்டும் என்றது. இரவு பதினொன்றரை மணி. அந்தப் பணத்தில் பெரும்பகுதியை வீட்டுக் கடனில் முன்கூட்டியே கட்டியிருந்தேன். லேப்டாப்பை மூடிவிட்டு, மறுபடி திறந்து, எண் மாறியிருக்கிறதா என்று பார்த்தேன். மாறவில்லை. அந்த வாரம் முழுவதும் வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. இரட்டிப்புச் சம்பளம் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னவள் நான்தானே.

ஆடிட்டர் அதைப் பத்து நிமிடத்தில் சரிசெய்தார். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு, மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் போன்ற குறிப்பிட்ட தொழில்முறையாளர்கள் தங்கள் வரவில் பாதியை வருமானமாக அறிவித்து அதற்கு மட்டும் வரி கட்ட இடம் தருகிறது. தகவல் தொழில்நுட்பமும் அந்தப் பட்டியலில் அறிவிக்கப்பட்ட ஒன்று. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2023-24 முதல், ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாதவர்களுக்கு அது 75 லட்சம். விரிவான கணக்குப் புத்தகங்கள் வேண்டியதில்லை. என் பாக்கி 5 லட்சத்திலிருந்து 1,80,000 ஆகக் குறைந்தது. ஆனால் 9,000 ரூபாய் வட்டி தப்பவில்லை. ஆண்டு வரி 10,000 ரூபாயை எட்டினால், நிதியாண்டு முடியும் முன்பே அதை முன்வரியாகக் கட்ட வேண்டும். மற்றவர்கள் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என நான்கு தவணையாகக் கட்டுவதை, இந்தப் பிரிவில் வருபவர்கள் மார்ச் 15க்குள் ஒரே தவணையாகக் கட்டினால் போதும். அந்த ஒரு தேதிகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எல்லோருக்கும் எல்லாத் தொழிலுக்கும் இது பொருந்தாது. வெளிநாட்டில் சொத்தோ பங்கோ கணக்கோ இருந்தால் எளிய ஐடிஆர்-4 படிவம் செல்லாது, ஐடிஆர்-3 போட வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் மாறுகின்றன; ஆகவே எண்ணைச் சொல்லாமல், தொழில்முறையாளருக்கான அனுமான வருமான முறை எனக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். அன்று முதல் ஒவ்வொரு வரவிலும் ஐந்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் அட்டைகூட வாங்கவில்லை.

எழுந்து கிளம்பும்போதுதான் அவர் ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டார். ஏற்றுமதிக்கு வரி இல்லையே, எதற்கு எண் என்றேன். வரி விகிதம் பூஜ்யம் என்பது வேறு, பதிவு செய்ய வேண்டியதில்லை என்பது வேறு என்று அவர் விளக்கினார். பெரும்பாலான மாநிலங்களில் சேவை வழங்குபவரின் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும். ஏற்றுமதியும் அந்தக் கணக்கில் சேரும். ஆறாவது இன்வாய்ஸோடு என் தொகை 19,20,000. பிப்ரவரியில் ஏழாவதை அனுப்பிய அன்றே எல்லையைத் தாண்டிவிட்டேன். அதற்குப் பிறகு 30 நாட்களுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். பதிவு செய்த பிறகும் வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய, எல்யுடி எனப்படும் உறுதிமொழிக் கடிதத்தை ஆர்எஃப்டி-11 படிவத்தில் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகத் தாக்கல் செய்ய வேண்டும். அது இல்லாவிட்டால் 18 சதவீத வரியை முதலில் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒருமுறை போட்டது போதும் என்று நினைத்து அடுத்த ஏப்ரலில் விட்டுவிடுபவர்கள் பலர் என்றார் ஆடிட்டர். பதிவுக்குப் பின் இரண்டு மாதத் தாக்கலை நான் மறந்தேன். கட்ட வேண்டிய வரி ஒன்றும் இல்லாத தாக்கலுக்கும் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் உண்டு. தாமதக் கட்டணம், விளக்கக் கடிதங்கள், ஆடிட்டர் கூலி எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய். இன்னொன்று: பதிவு பெற்றவர் தொழிலுக்காக வெளிநாட்டு மென்பொருள் சந்தா எதையாவது வாங்கினால், அந்தச் சேவையின் இறக்குமதிக்கான 18 சதவீதத்தை அவரே கட்ட வேண்டும். மாதம் 20 டாலர்தான் என்றாலும் கணக்கில் காட்டத்தான் வேண்டும்.

வேலை நேரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குழுக் கூட்டம் நியூயார்க்கில் நண்பகல் பன்னிரண்டுக்கு. நமக்கு இரவு ஒன்பதரை. நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் அதுவே பத்தரை ஆகும், மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை. பழகிக்கொண்டேன். பழக முடியாதது விடுப்பு. 2023 மே மாதம் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று அறுவை சிகிச்சை நடந்தது. பழைய நிறுவனத்தின் குழுக் காப்பீடு என் கடைசி நாளோடு முடிந்திருந்தது. நான் ஆறு மாதம் கழித்து எடுத்த புதிய பாலிசியில், பித்தப்பைக் கல், கண்புரை, குடலிறக்கம் போன்ற சிகிச்சைகளுக்கு முதல் 24 மாதங்கள் எதுவும் கிடையாது என்று எழுதியிருந்தது. பில் கவுன்டரில் 1,35,000 ரூபாயைக் கட்டியபோது, அம்மா அருகில் நின்று, "உன் கம்பெனியில் தந்துவிடுவார்கள் இல்லையா?" என்று கேட்டார். தந்துவிடுவார்கள் என்று பொய் சொன்னேன். குழுக் காப்பீட்டிலிருந்து வெளியேறுபவர், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்க முடியும். ஏற்றுக்கொள்ளப்பட்டால் குழுக் காப்பீட்டில் கழித்த ஆண்டுகள் காத்திருப்புக் காலத்தில் கழிக்கப்படும். எனக்கு எட்டு ஆண்டுகள் இருந்தன. ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய ஒரே ஒரு கேள்வி அது. சிகிச்சைக்காக நான் எடுத்த எட்டு நாட்களுக்கும் பணம் கழிக்கப்பட்டது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதை நான் இழப்பாகவும் கணக்கிடவில்லை, ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது.

2023 அக்டோபர் மாத இன்வாய்ஸுக்கான பணம் பன்னிரண்டு நாள் தாமதமாக வந்தது. என் படிவத்தால் தள்ளிப்போன முதல் பணத்தைத் தவிர, அதற்கு முன் ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லை. அதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளாதது என் பிழை. நவம்பர் மாதத்துக்கு டிசம்பர் 30 கெடு. விடுமுறைக் காலம், கணக்குப் பிரிவில் ஆளில்லை என்று பதில் வந்தது. ஜனவரி 15ஆம் தேதி காலை ஆறு மணி நாற்பதுக்கு லேப்டாப்பைத் திறந்தேன். கடவுச்சொல் தவறு என்றது. மறுபடி இட்டேன். பிறகு நிறுவனத்தின் உரையாடல் செயலியைக் கைபேசியில் திறந்தேன். அப்படியொரு கணக்கே இல்லை என்றது. என் சொந்த மின்னஞ்சலுக்கு நான்கு வரிக் கடிதம் ஒன்று வந்திருந்தது: நிதி நெருக்கடி காரணமாக ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது, உங்கள் பங்களிப்புக்கு நன்றி. காபி ஆறும் வரை அந்த நான்கு வரிகளையே படித்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை, மாணவப் பருவத்தில் வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்டபோது வந்த அதே கூச்சம்தான் வந்தது.

அதன் பிறகுதான் பதினொரு பக்க ஒப்பந்தத்தை முதன்முறையாக முழுமையாகப் படித்தேன். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் அவர்கள் முடித்துக்கொள்ளலாம். நான் விலகுவதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். நான் எழுதிய ஒவ்வொரு வரி நிரலும், எழுதிய கணமே, பணம் தந்தாலும் தராவிட்டாலும், அவர்களுக்குச் சொந்தம். அமெரிக்காவின் டெலவேர் மாநிலச் சட்டம் பொருந்தும், வழக்கு அங்கேதான். மாத முடிவில் இன்வாய்ஸ், அதன் பின் 30 நாள் கெடு என்ற ஏற்பாட்டின் பொருளும் அப்போதுதான் உறைத்தது: எந்த நாளில் எடுத்துக்கொண்டாலும் ஒன்றிலிருந்து இரண்டு மாதச் சம்பளத்தை நான் அவர்களுக்கு வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து வைத்திருந்தேன். நவம்பர், டிசம்பர், பாதி ஜனவரி: மொத்தம் 10,000 டாலர். இன்னும் மோசமானது, இன்வாய்ஸ்கள் எல்லாவற்றையும் நிறுவனம் தந்த மின்னஞ்சலிலிருந்தே அனுப்பியிருந்தேன். மேலாளர் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று எழுதிய பதில்கள், நேரப் பதிவேடு எல்லாமே பூட்டிய கதவுக்குப் பின்னால். கையில் மிஞ்சியது ஆடிட்டருக்கு அனுப்பியிருந்த பிடிஎஃப் நகல்கள் மட்டுமே. இன்வாய்ஸைச் சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள், ஒப்புதலையும் அதிலேயே பெறுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

பணத்தை மீட்க நான்கு மாதம் முயன்றேன். சிறு தொழிலாகப் பதிவு செய்துகொண்டால் தாமதமான பாக்கிக்கு அரசின் சமாதான் தளத்தில் முறையிடலாம் என்று படித்துவிட்டு அதில் நம்பிக்கை வைத்தேன். 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் 45 நாள் கெடு வைப்பது உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் இருப்பவரை அதைக் கொண்டு இழுத்து வர முடியாது. அங்கே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டதில், மணிக்கு 350 டாலர், முன்பணம் 5,000 டாலர் என்றார். இங்கே ஒரு வழக்கறிஞர், இந்திய நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்குவதைவிட அதை அங்கே நிறைவேற்றுவதுதான் பெரும்பாடு என்று நேர்மையாகச் சொல்லி, கட்டணம் வாங்காமல் அனுப்பிவைத்தார். ஒப்பந்தத்தில் நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர் தீர்ப்பாயம் என்று இருந்திருந்தால், 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் இரு நாடுகளும் சேர்ந்திருப்பதால் சற்று எளிது என்றும் அவர்தான் சொன்னார். அவரிடம் இன்னொன்றும் கேட்டேன். ஓராண்டுக்கு இதே துறையில் வேறு நிறுவனத்துக்கு வேலை செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது; அதற்குப் பயந்து மூன்று வாரம் வேலையே தேடாமல் இருந்தேன். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, தொழில் செய்வதைத் தடுக்கும் அத்தகைய நிபந்தனை இங்கே செல்லாது என்றார். ஆனால் அவர்களுடைய வாடிக்கையாளர் பட்டியலையும் ரகசியங்களையும் வெளியிடக் கூடாது என்பது செல்லும்.

மே மாதம், வாரம் ஒரு கடிதம் என்று விடாமல் எழுதியதன் பலனாக, 3,000 டாலர் தருகிறோம், மீதியைக் கோரமாட்டேன் என்று கையெழுத்திட்டுத் தாருங்கள் என்றார்கள். அவமானமாக இருந்தது. ஏற்றுக்கொண்டேன். 7,000 டாலர், அன்றைய மதிப்பில் 5,81,000 ரூபாய் போனது. கையெழுத்திடும் முன் ஆடிட்டரிடம் காட்டியது மட்டும்தான் இந்தக் கதையில் நான் செய்த புத்திசாலித்தனம். எல்யுடியில் அனுப்பிய இன்வாய்ஸுக்கு ஓராண்டுக்குள் அந்நியச் செலாவணி வந்து சேராவிட்டால், நீட்டிப்பு கிடைத்தாலன்றி, அந்தத் தொகைக்கு 18 சதவீத வரியை வட்டியோடு நான் கட்ட நேரும் என்று ஜிஎஸ்டி விதி 96ஏ அப்போது சொன்னது. வராத பணத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் வரி! பாக்கியைத் தள்ளுபடி செய்தேன் என்று எழுதாமல், வேலைக்கான மதிப்பே இரு தரப்பும் ஒப்புக்கொண்டு குறைக்கப்பட்டது என்று தீர்வுக் கடிதத்தில் எழுத வைத்து, அதன் அடிப்படையில், இன்வாய்ஸ் தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட் போட வைத்தார் ஆடிட்டர். அவர்கள் மறுப்பில்லாமல் எழுதித் தந்தார்கள்; அவர்களுக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

மறுபடி சம்பள வேலைக்கே போய்விடலாம் என்று இரண்டு நேர்காணல்களுக்குப் போனேன். பிறகு ஆகஸ்டில் இன்னொரு வெளிநாட்டு நிறுவனம் ஒப்பந்தம் அனுப்பியது. இம்முறை மூன்று நாள் எடுத்துக்கொண்டு படித்தேன், நான்கு திருத்தங்களைச் சிவப்பில் குறித்துத் திருப்பி அனுப்பினேன்: பதினைந்து நாளுக்கு ஒரு இன்வாய்ஸ், ஏழு நாளில் பணம்; முன்னறிவிப்பு இரு தரப்புக்கும் 30 நாள், அந்த நாட்களுக்கும் பணம்; நிரலின் உரிமை அதற்கான பணம் என் கணக்கில் வந்த பிறகே மாறும்; தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பாயம், விசாரணை காணொளியில். அனுப்பிய இரவு, வேலை கைநழுவிவிட்டது என்றே நினைத்தேன். மறுநாள் பதில் வந்தது. முதல் இரண்டையும் நான்காவதையும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். நிரலின் உரிமையை மட்டும், எங்கள் முதலீட்டாளர்கள் ஒப்பமாட்டார்கள் என்று சொல்லி மறுத்தார்கள். அதற்கு ஈடாக விலையில் 8 சதவீதம் கூட்டித் தரக் கேட்டேன்; 5 தந்தார்கள். கையெழுத்திட்டேன்.